செய்யாத உதவிக்கு நன்றி

நாமக்கல்லில் நானும் என் கணவரும் ஃப்ளெக்ஸ் கடை நடத்திய காலத்தில், எங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேர் பிறந்தநாள்காரர்கள், மீதிப் பேர் கண்ணீர் அஞ்சலிக்காரர்கள். இரண்டுக்கும் நடுவே காதுகுத்து, சீர், கல்யாணம், கிடா விருந்து. கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது என் வேலை. அச்சடித்து, சட்டம் அடித்து, கொண்டுபோய்க் கட்டுவது அவர் வேலை. நான் சேலத்துக் கடைவீதிக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவள், எனக்கு வாய் அதிகம். அவருக்குப் பயம் அதிகம். பேனரில் யாருடைய மீசையாவது கோணலாக விழுந்துவிட்டால்கூட அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட மனிதருக்கு அல்லாஹ் அந்த அக்காவை வாடிக்கையாளராக அனுப்பி வைத்தான்.

அக்காவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்கு எப்படியும் சேதி போய்விடும். உடனே போன் போட்டு எனக்கு நன்றி சொல்லிவிடுவார். அவர் ஒருவருக்கு நன்றி சொன்னால் அடுத்து என்ன நடக்கும் என்று இந்த ஜில்லாவில் பல அதிகாரிகளுக்குத் தெரியும். எனக்கு இந்த வயதில் அந்த வம்பு வேண்டாம்.

முதல்முதலாக அவர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குக் கிளம்பிய என் கணவர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். மொபெட்டை வாசலில் நிறுத்திவிட்டு, நல்ல வாட்டசாட்டமான ஒரு பெண்மணி அந்தப் பாதி ஷட்டருக்குள் குனிந்து வந்தார். வந்ததும் சிரித்தார். எதற்கு என்று தெரியவில்லை. பேசுவதற்கு முன்னால் சிரிப்பது அவர் வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது.

“அம்மிணி, பொட்டப் புள்ளைக பள்ளிக்கூடத்துக் கக்கூசுக்குக் கதவு போட்டுக் குடுத்த அதிகாரிக்கு நன்றின்னு பெருசா ஒண்ணு அடிச்சுக் குடுங்க.”

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. தலைவர் படமும் தொண்டர் படமும் ஒட்டி ஒட்டி அலுத்துப்போன கை. நாட்டில் ஒரு நல்ல காரியம் நடந்து, அதற்கு ஒரு பெண்மணி நன்றியும் சொல்ல வந்திருக்கிறாரே என்று ஆசையாக டிசைன் போட்டேன். நான்கு மூலையிலும் ரோஜாப்பூ வைத்தேன்.

“அக்கா, கதவு போட்டோ இருந்தா குடுங்க. சேர்த்துப் போட்டா நல்லா இருக்கும்.”

“கதவா?” என்றார் அக்கா. “அது இன்னும் போடலீங்களே.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை.

“அப்புறம் எதுக்குக்கா நன்றி?”

“மனுக் குடுத்துப் பாத்தேன் அம்மிணி. ஒருக்கா ரெண்டு தடவையில்ல, போயிப் போயிக் குடுத்தேன். அந்த மனு எங்க போவுதுன்னு அந்த ஆபீசுக்கே தெரியல. நன்றின்னு எழுதிக் கட்டுனா, அவுங்களே ஜீப்பை நிறுத்தி எறங்கி வந்து படிக்கறாங்க. நீங்க அந்தப் பூவைச் சித்தெ பெருசு பண்ணுங்க.”

பேனர் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த அக்காவின் சொந்தச் சுவரில் ஏறியது. அனுமதி இல்லாமல் பொது இடத்தில் கட்டினால் நகராட்சிக்காரர்கள் கிழித்துவிடுவார்கள். சொந்தச் சுவரில் யார் என்ன செய்ய முடியும்? ஊரில் எல்லாரும் படித்தார்கள். அந்த அதிகாரிக்கு எங்கெங்கிருந்தோ பாராட்டு போன் போயிருக்கிறது. அவருடைய மனைவியின் அண்ணன்கூடப் பேசினாராம். பாவம், மனிதர் என்ன சொல்வார்? நான் கதவு போடவில்லை என்று எந்த மனிதன் மச்சானிடம் சொல்வான்? சில நாட்களில் தச்சர் வந்து அளவு எடுத்துக்கொண்டு போனார்.

அன்று முதல் என் கணவர் அக்காவின் மொபெட் சத்தம் கேட்டாலே அச்சு இயந்திரத்துக்குப் பின்னால் போய்விடுவார். “நம்ம கடை பேரு கீழ மூலையில இருக்கு, தெரியுமில்ல? நாளைக்குப் போலீஸ் வந்தா உன்னைத்தான் அனுப்புவேன்” என்பார். நான் கடைப் பெயரை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போட ஆரம்பித்தேன்.

அக்கா எந்தச் சங்கத்திலும் இல்லை, எந்தக் கட்சியிலும் இல்லை. கோழிப்பண்ணை வைத்திருக்கும் விவசாயக் குடும்பத்துப் பெண். மாமியார் போய்ச் சேர்ந்து, கணவரும் போய், ஒரே மகன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஒடிசாப் பக்கம் போர்வெல் கிணறு போடப் போய்விட்டான். ஒருமுறை ஏதோ ஆபீசில் ஒருவர் அதட்டிக் கேட்டார், “நீங்க எந்த அமைப்பும்மா?”

“ஊட்டுல சும்மா இருக்கறவிய அமைப்புங்க” என்றார் அக்கா. “நெம்பப் பெரிய அமைப்பு சாமி. ஊருக்கு ஊரு ஆளிருக்குது.”

இன்னொருவர், “உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?” என்று குத்தலாகக் கேட்டார். ஊரார் பிள்ளைகளுக்காக நீ ஏன் அலைகிறாய் என்று அர்த்தம்.

“எண்ணிக்கிட்டு இருக்கறனுங்க” என்றார் அக்கா.

அந்தப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு முன்னால் லாரிகள் பறக்கும். அதற்கு அக்கா எழுதச் சொன்ன பேனர் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். “எங்கள் குழந்தைகள் சாலையைக் கடக்கும்போது வண்டியை மெதுவாக ஓட்டிய லாரி ஓட்டுநர் அண்ணன்களுக்கு நன்றி.” யாரும் மெதுவாக ஓட்டவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அவ்வளவு நீள வாக்கியத்தைப் படிப்பதற்காகவாவது வேகத்தைக் குறைத்தார்கள். ஒரு ரிக் லாரி டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்து, “எங்களுக்கு இதுவரைக்கும் ஆரும் நன்றி சொன்னதில்லீங்க” என்று சொல்லி, பிள்ளைகளை அவரே கை காட்டி ரோட்டைக் கடக்க வைத்தாராம். வேகத்தடை பிறகுதான் வந்தது.

அக்காவின் முறையில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. இடமாற்றம். சத்துணவுக் கூடத்துக்குப் புதுக் கூரைக்காக ஓர் அதிகாரியின் பெயரையும் படத்தையும் போட்டு ஜோராக ஒரு பேனர் அடித்தோம். அது காய்ந்து முடிவதற்குள் அவரைத் தூக்கித் தென்காசிப் பக்கம் போட்டுவிட்டார்கள். புதிதாக வந்தவருக்கு நன்றியில் பங்கில்லை, அதனால் கூரையிலும் அக்கறையில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“என்ன அக்கா, நன்றி வீணாப் போச்சே?”

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சிரித்தார். “இனிமே பேரும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம் அம்மிணி. பதவியைப் போடுங்க. ஆளு போனாலும் நாற்காலி அங்கதான இருக்கும்? நாற்காலிக்கு நன்றி சொல்லுவோம்.”

அதற்குப் பிறகு எந்தப் பேனரும் வீணாகவில்லை.

இப்படியெல்லாம் சிரித்துக்கொண்டு திரிந்தவரை ஒரே ஒரு விஷயத்தில்தான் நான் சிரிப்பில்லாமல் பார்த்தேன். அவருடைய கொழுந்தனாரின் கோழிப்பண்ணைக்கு என்னைக் கூட்டிப்போன அன்றைக்கு. புதுப் பேனருக்குப் படம் எடுக்கவேண்டும் என்றார். என்ன பேனர் என்று சொல்லவில்லை. ஷெட்டுகள் வரிசையாக நீண்டு கிடந்தன. உள்ளே கோழிகளின் இரைச்சல், வெளியே ஈ, தீவனப் புழுதி. ஒடிசா, பீகார் என்று வட நாட்டிலிருந்து வந்து வேலை செய்யும் குடும்பங்கள் அங்கேயே வரிசை வீடுகளில் இருந்தன.

முட்டை அடுக்கும் ஷெட்டின் தூணுக்குப் பக்கத்தில் ஒரு பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது. மூன்று வயதுகூட இருக்காது. இடுப்பில் ஒரு பழைய சேலை. அதன் மறுமுனை தூணில் கட்டியிருந்தது. அம்மாவின் சேலைதான். குழந்தை அழவில்லை. எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தது. சேலை இழுத்த இடத்தில் பழகிய மாதிரி நின்றுகொண்டு கையை நீட்டியது.

“இது மீனு” என்றார் அக்கா. “அவுங்கம்மா சுனிதா முட்டை பொறுக்கப் போயிருக்கா. அவுத்து உட்டா தண்ணித் தொட்டிக்குப் போயிருமாம், இல்லீன்னா தீவன லாரிக்கு அடியில போயிருமாம். நேரா நேரத்துக்கு வந்து பாலு குடுத்துட்டுத்தான் போறா. அவளைக் குத்தம் சொல்லாதீங்க.”

அங்கன்வாடி இல்லையா என்றேன். இருக்கிறது, ஊருக்குள், நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். வேலை நேரத்தில் யார் கொண்டுபோய் விடுவது? கேட்கப் போனால், இந்தக் குழந்தைகள் இன்றைக்கு இருப்பார்கள் நாளைக்கு வேறு பண்ணைக்குப் போய்விடுவார்கள், இவர்களை நம்பி எப்படி ஒரு மையம் திறப்பது என்கிறார்களாம். ஊருக்கே முட்டை அனுப்பும் இடத்தில் இருக்கும் இந்தப் பிள்ளைகளுக்கு, ஊர்ப் பிள்ளைகளுக்கு அங்கன்வாடியில் கிடைக்கும் முட்டை இல்லை.

அக்கா மீனுவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அதன் மூக்கைத் துடைத்துவிட்டார். “என்ற பையன் இவுங்க ஊர்ல போர் போடறான். இவுங்க என்ற ஊர்ல கோழிக்குத் தீனி போடறாங்க. அங்க அவனுக்குக் காய்ச்சல் கண்டப்போ ஆரோ ஒரு அம்மாதான் கஞ்சி வெச்சுக் குடுத்திருக்கறா. அவ பேரு எனக்குத் தெரியாது. அந்தக் கஞ்சிக்கு நான் இங்கதான பதிலு செய்யோணும்?”

அன்றைக்குப் படம் எடுக்காமலே திரும்பினோம். கட்டிப்போட்ட குழந்தையைப் பேனரில் போட அக்காவுக்கு மனமில்லை. “புள்ளைய நாலு பேரு பாத்துப் பரிதாபப்படோணும்னு நான் கேக்கல. அங்கன்வாடி வேணும்னு கேக்கறேன்” என்றார்.

முதலில் இடம் வேண்டும். பண்ணை வாசலில் ஒரு பழைய முட்டைக் குடோன் சும்மா கிடந்தது. அது கொழுந்தனாருடையது. கேட்டால் தரமாட்டார் என்று அக்காவுக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை. குடும்பத்தில் ஒரு காதுகுத்து வந்தது. ராசிபுரத்தில் மண்டபம். மண்டப வாசலில் எங்கள் பேனர். “வேலை செய்ய வந்தவர் குழந்தைகளுக்கும் தன் இடத்தில் அங்கன்வாடி அமைத்துத் தந்த எங்கள் கொழுந்தனார் அவர்களுக்கு நன்றி.”

மறுநாள் காலை அவர் கடைக்கு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்ததைப் பார்த்ததுமே என் கணவர் இயந்திரத்துக்குப் பின்னால் காணாமல் போனார்.

“ஏனுங்க, ஆரைக் கேட்டு அடிச்சீங்க இதை? நான் எப்பக் குடோனைக் குடுத்தேன்?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய போன் அடித்தது. ஜேடர்பாளையத்துச் சம்பந்தி. “ஆமாங்க… அட, அதெல்லாம் என்னங்க பெரிய விசயம்… புள்ளைகதான… நம்ம கடமைங்க…” என்று பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார். வைத்ததும் மறுபடியும் அடித்தது. இந்த முறை குரலில் கொஞ்சம் கம்பீரம் வந்திருந்தது. நான்காவது போன் முடிந்து உள்ளே வந்தவர், மடித்த வேட்டியை அவிழ்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“என்ற அண்ணிகிட்டச் சொல்லுங்க. மக்காச்சோளம் வந்து எறங்கற வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள கவருமெண்டு வரலீன்னா குடோன்ல சோளந்தான்.”

அக்காவுக்குக் கெடு விழுந்துவிட்டது. இனி அரசாங்கம் மனது வைக்கவேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் அங்கன்வாடிகளைக் கவனிக்கும் நாற்காலியில் புதிதாக ஒருவர் வந்திருந்தார். கெடுபிடியான ஆள், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். குடோன் தயாராக இருக்கிறது என்று மனுவைக் கொடுத்துவிட்டு, அக்கா நான்கு தடவை போயும் பேச நேரம் கிடைக்கவில்லை. கடைக்கு வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, சிரித்தார்.

“எழுதுங்க அம்மிணி. எங்கள் பண்ணைக் குழந்தைகளுக்கு அங்கன்வாடி என்னும் சீர் கொண்டு வந்த தாய்மாமன், மாவட்ட அதிகாரி அவர்களுக்கு நன்றி.”

“தாய்மாமனா?”

“பொறவு? அந்தப் புள்ளைகளுக்குச் சொந்தபந்தமெல்லாம் அங்க இருக்குது. மடியில வெச்சுக் காது குத்த இந்த ஊர்ல ஒரு மாமன் வேணுமில்ல?”

என் கணவர் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்தே, “அக்கா, அதிகாரியை மாமான்னு எழுதினா உள்ள தள்ளிருவாங்கக்கா” என்றார். “பாய், உங்களுக்கு உள்ள சோறு நான் கொண்டாந்து தாரேன்” என்றார் அக்கா. அந்தப் பேனரை அவர் சுவரில் கட்டவில்லை. கொழுந்தனாரின் முட்டை வேன் பின்புறத்தில் கட்டினார். அந்த வேன் தினமும் காலையில் கலெக்டர் அலுவலக ரோட்டில்தான் போகும். அதிகாரியின் ஜீப் அதன் பின்னால்தான் வரும்.

ஆபீசில் அவருக்குத் தாய்மாமன் என்றே பெயர் விழுந்துவிட்டதாம். பியூன் வரைக்கும் தெரிந்துவிட்டது. ஒரு நாள் காலை அவர் நேராகப் பண்ணைக்கே வந்துவிட்டார், பேனரைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புகார் கொடுப்பதற்கு. அன்றைக்கு நானும் அக்காவோடு அங்கே இருந்தேன். பண்ணைக்குள் யார் நுழைந்தாலும், கோழிக்கு நோய் வராமல் இருக்க, வாசலில் தொட்டியில் இருக்கும் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் போகவேண்டும். அவர் பளபளக்கும் ஷூவைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் ஷூவைக் கழற்றி, பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். கோபம் இன்னும் ஏற, முட்டை ஷெட்டின் தூணருகே நின்றிருந்த எங்களிடம் வந்தார்.

“செய்யாத வேலைக்கு எனக்கு நன்றி சொல்ல உங்களுக்கு யாரும்மா அதிகாரம் குடுத்தது?”

“மொதல்ல தண்ணி குடிங்க சாமி. வெயில்ல வந்திருக்கறீங்க.”

“எனக்குத் தண்ணி வேண்டாம். அந்த பேனர்…”

அவருடைய பேண்ட்டை யாரோ இழுத்தார்கள். மீனு. சேலை எட்டும் தூரம் வரை வந்து, எட்டிப் பிடித்துவிட்டது. அவர் குனிந்து பார்த்தார். சேலையின் வழியே பார்வை தூணுக்குப் போய், திரும்பக் குழந்தையிடம் வந்தது.

“யாரு இதைக் கட்டினது?”

“அவுங்கம்மா.”

“குழந்தையைக் கட்டிப் போடறதா? இது குத்தம், தெரியுமா உங்களுக்கு?”

“குத்தந்தானுங்க” என்றார் அக்கா. “அவுத்து உடுங்க.”

அவர் நிஜமாகவே குந்தி உட்கார்ந்து அவிழ்த்தார். முடிச்சு இறுக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு அவிழ்த்துவிட்டார். மீனு ஒரு நொடி நின்றது. இடுப்பைத் தொட்டுப் பார்த்தது. பிறகு ஓடியது. கன்றுக்குட்டி மாதிரி, எங்கே போகிறோம் என்று தெரியாமல், சிரித்துக்கொண்டு ஓடியது. அந்தப் பக்கம் ஒரு தீவன லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது.

நான் கத்தினேன். அக்கா கத்தினார். எங்களுக்கு முன்னால் அந்த மனிதர் வெறுங்காலோடு பாய்ந்து, ஜல்லியில் ஓடி, குழந்தையை அள்ளித் தூக்கிவிட்டார். டிரைவர் பிரேக் போட்டு எட்டிப் பார்த்தான். சத்தம் கேட்டு ஷெட்டுக்குள்ளிருந்து ஓடி வந்த சுனிதா, முட்டைத் தட்டைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். அதிகாரிக்கு மூச்சு வாங்கியது. மீனுவுக்கு ஒரே சந்தோஷம், அவருடைய கண்ணாடியைப் பிடித்து இழுத்தது.

அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. இருந்தாலும் மெதுவாகக் கேட்டார்.

“இப்ப மறுபடியும் கட்டட்டுங்களா, சாமி?”

அவர் குழந்தையைச் சுனிதாவிடம் கொடுக்கவில்லை. இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டார். பிறகு, “அந்தக் குடோன் எங்க இருக்கு?” என்றார்.

அதற்குப் பிறகு ஒன்றும் மந்திரத்தில் நடந்துவிடவில்லை. பிள்ளைகள் குறைந்துபோன ஒரு மையத்தை இங்கே மாற்றலாம் என்று அவர் எழுத, மேலே ஒருவர் கூடாது என்று எழுத, இவர் நேரில் போய்ச் சண்டை போட என்று இழுத்துக்கொண்டே போனது. மக்காச்சோள லாரி ஓமலூர் தாண்டிவிட்டது என்று கொழுந்தனாருக்குப் போன் வந்த அன்றைக்குத்தான் உத்தரவும் வந்தது. நடுவில் ஒருமுறை அதிகாரி எங்கள் கடைக்கே போன் செய்தார். என் கணவர் எடுத்துவிட்டு நடுங்கிப் போனார்.

“அந்த பேனர் வேன்ல இன்னும் இருக்கா?”

“இல்லீங்க சார், இப்பவே கழட்டிடறேன் சார்.”

“கழட்டாதீங்க. எங்க மேலதிகாரி இந்த வாரம் நாமக்கல் வர்றார். அவர் பார்க்கட்டும்.”

திறப்பு நாளன்று குடோனுக்குச் சுண்ணாம்பு அடித்து, வாசலில் வாழைமரம் கட்டி, சுவரில் யானையும் மயிலும் வரைந்து வைத்திருந்தார்கள். என் கணவர்கூடப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கொழுந்தனார் எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார், ஆரம்பத்திலிருந்தே இது அவர் யோசனை என்பது போல. பண்ணைகளில் இருந்து குழந்தைகள் வந்தார்கள். ஒடிசாப் பிள்ளைகள், பீகார் பிள்ளைகள், ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள். எல்லாம் சேர்ந்து எந்த மொழியிலும் இல்லாத ஒரு மொழியில் கத்திக்கொண்டிருந்தன.

அதிகாரி வந்தார். ரிப்பன் வெட்டினார். கைதட்டினோம். ஆனால் அவர் கண் சுற்றிச் சுற்றிச் சுவரைப் பார்த்தது, கேட்டைப் பார்த்தது, முட்டை வேனின் பின்புறத்தைக்கூடப் பார்த்தது. கடைசியில் என் கணவரிடம் வந்து தணிந்த குரலில், “இன்னிக்கு பேனர் ஒண்ணும் அடிக்கலையா?” என்று கேட்டார். உண்மையாகவே செய்து முடித்த ஒரே நாளில் நன்றி இல்லை. பாவமாகத்தான் இருந்தது. எனக்கும் அதே கேள்விதான், நான் ரோஜாப்பூவெல்லாம் வைத்து ஒன்று தயாராகவே வைத்திருந்தேன். அக்காதான் வேண்டாம் என்றுவிட்டார்.

அக்கா காதில் அது விழுந்துவிட்டது. மீனுவைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் நின்றார்.

“நன்றியெல்லாம் செய்யறதுக்கு முன்னாலதானுங்க. செஞ்சதுக்குப் பொறவு எதுக்கு? இது அந்தப் புள்ளைகளுக்குச் சேர வேண்டியது, வந்து சேந்துருச்சு.” சிரித்தார். “அதுவுமில்லாம, தாய்மாமனுக்கு ஆராச்சும் நன்றி சொல்லுவாங்களா சாமி? நீங்க சீரு செய்யோணும். செய்யலீன்னா நாங்க சண்டைக்கு வருவோம். அவ்வளவுதான். இப்படி உக்காருங்க.”

அவர் உட்கார்ந்தார். கெடுபிடியான அந்த மனிதர், புது ஜமக்காளத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து மடியைக் காட்டினார். அக்கா மீனுவை அதில் வைத்தார். காது குத்தவில்லை, தட்டில் அவித்த முட்டையும் சோறும்தான் வந்தன. மீனு முதல் முட்டையைக் கையில் எடுத்து, நன்றாக முகர்ந்து பார்த்துவிட்டு, மாமனின் சட்டையில் தேய்த்தது. நாங்கள் எல்லாரும் சிரித்தோம். எல்லாரையும்விட அதிகமாக என் கணவர் சிரித்தார், இனிமேல் தன்னை யாரும் உள்ளே தள்ளமாட்டார்கள் என்ற நிம்மதியில்.

மத்தியான வேலைக்கு நடுவே சுனிதா வந்தாள். வந்து இத்தனை மாதத்தில் தமிழில் அவள் நன்றாகக் கற்றுக்கொண்டது ‘ங்க’ ஒன்றுதான். உள்ளே வராமல் ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தாள். மீனுவைக் கூப்பிட்டாள். மீனு திரும்பிப் பார்த்தது. அம்மாதான் என்று தெரிந்துகொண்டது. பிறகு மறுபடியும் பக்கத்துப் பிள்ளையின் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் திரும்பிக்கொண்டது.

“வரமாட்டேங்குதுங்க” என்றாள் சுனிதா எங்களிடம். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

“நீ போ கண்ணு. நாங்க பாத்துக்கறோம்” என்றார் அக்கா.

அவள் ஷெட்டுப் பக்கம் நடந்தாள். அவளை நான் பார்த்த போதெல்லாம் இடுப்பில் குழந்தை இருக்கும், அல்லது தலையில் முட்டைத் தட்டு இருக்கும். இப்போது இரண்டு கையும் சும்மா இருந்தன. அவற்றை என்ன செய்வது என்று தெரியாதவள் போலக் கொஞ்ச தூரம் போனாள். பிறகு வீச ஆரம்பித்தாள். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, ஒரு குதி குதித்தாள். அவளுக்கும் சின்ன வயதுதான்.